அறுபது பேருக்கு மூன்று பூட்ஸ்

கார்விஸ், மிசிசிப்பி
1946 செப்டம்பர் 15

அன்புள்ள ஒஸெல்லா அக்காவுக்கு,

தம்பி லான்ஸோ எழுதுவது. நான் சுகம். இந்த நாலு வரி உன் கைக்கு வரும்போது நீயும் ஹெர்ஷல் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

கல்லூரிக் கடிதத்தை நீ அனுப்பிவைத்தது வந்து சேர்ந்தது. கல்லூரிக்கு உன் சிகாகோ முகவரியைக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. நம்ம கறுப்பு ஆள் பேருக்கு அச்சடித்த உறை வந்தால் இந்த ஊர்த் தபால் ஆபீசில் அது காணாமல் போய்விடும். உன் கோழிக் கிறுக்கல் உறையை யாரும் சீண்டுவதில்லை.

நீ பிரித்துப் படித்திருப்பாய், எனக்குத் தெரியும். படிக்காதவள் மாதிரி மறுபடி ஒட்டியிருக்கிறாய். இடம் இல்லை, இரண்டு வருஷம் பொறுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பட்டாளத்திலிருந்து திரும்பிய நம்மவர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு வாசலில்தான் நிற்கிறோம். வெள்ளைக்காரர்களின் பெரிய கல்லூரி இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். அங்கே விடுதிக் கட்டில்கள் காலியாகக் கிடக்கின்றன, அவை நமக்கு இல்லை.

சர்க்கார் ஆபீசுக்குப் போனேன். பட்டாளத்தில் இருந்தவனுக்குச் சர்க்கார் செலவில் ஒரு வருஷப் படிப்பு, அதோடு அவன் சேவை செய்த காலம் எவ்வளவோ அவ்வளவு. சட்டம் அப்படி. எனக்கு மொத்தம் இருபத்தாறு மாதம் வருகிறது. அங்கே உட்கார்ந்திருந்தவர் என் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கெமிஸ்ட்ரியா? அதைப் படிச்சு என்ன பண்ணப் போறே பையா?”

“கிணத்துத் தண்ணியைச் சோதிக்கணும் சார். பிலிப்பைன்ஸ்ல பட்டாளத்துக்கே நான்தான் தண்ணி சுத்தம் பண்ணிக் குடுத்தேன்.”

“இரண்டு வருஷம் சும்மா உக்காரப் போறியா? மிஸ்டர் லைல் பூட்ஸ் தைக்கிற பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிருக்கார். நீ போய் உக்காந்தாப் போதும், மாசம் அறுபத்தஞ்சு டாலர் கைக்கு வரும். இங்கே கையெழுத்துப் போடு.”

போட்டேன். கல்லூரி திறக்கும்வரை சோற்றுக்கு ஆயிற்று. அம்மாவைக் கொன்ற கிணற்றிலிருந்துதான் இன்னும் தண்ணீர் இறைக்கிறோம் அக்கா. அதற்கு ஒரு முடிவு கட்டாமல் விட மாட்டேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி,
லான்ஸோ

சிகாகோ
1946 அக்டோபர் 20

தம்பி லான்ஸோவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் நலம். உன் உடம்பு எப்படி? காய்ச்சல் ஏதும் திரும்பி வரவில்லையே?

கடிதத்தைப் பிரித்தேன்தான், அதற்கென்ன? உனக்கு அம்மா செத்தபோது வயசு ஒன்பது. அன்றிலிருந்து உன் மூக்கைத் துடைத்தவள் உன் கடிதத்தைப் பிரிக்கக் கூடாதா?

தண்ணீர் டாக்டர் கடைசியில் பூட்ஸ் டாக்டர் ஆகிவிட்டாயா! இந்தக் கட்டடத்தில் ஒரு வீடு விடாமல் நீ கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மேல்மாடிக்காரி நேற்று மாடிப்படியில் நிறுத்தி, “உன் தம்பி காலேஜ் போயிட்டானா?” என்று கேட்டாள். “போற வழியில இருக்கான்” என்றேன். பொய்யில்லை, பார்.

அந்த அறுபத்தைந்தைச் சனிக்கிழமை ராத்திரிக் கூத்துக்குத் தொலைத்துவிடாதே. நல்ல கோட்டு ஒன்று வாங்கு. கல்லூரிக்குப் போகிறவன் கைமுட்டி கிழிந்த கோட்டோடு போகக் கூடாது.

உன் அத்தானுக்கு லேசாகச் சளி. மாடு வெட்டுகிற அந்த அறுப்புத் தொட்டியில் தரை எப்போதும் தண்ணீரும் ரத்தமும்தான், அவர் காலுக்கு ஈரம் காய்கிற நேரமே கிடையாது. இஞ்சி போட்டு வெந்நீர் கொடுக்கிறேன், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

சலவைக் கம்பெனியில் எனக்கு வேலை அதிகம். கை வெந்து போயிருக்கிறது, அதனால்தான் இந்தக் கிறுக்கல். சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே.

ஒஸெல்லா

கார்விஸ்
1947 ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அத்தானுக்குச் சளி போயிற்றா? நீ அப்புறம் எழுதவே இல்லை.

எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன், அத்தானுக்குப் படித்துக் காட்டு, சிரிப்பார். பழைய பஞ்சுக் கிடங்கு. அடுப்பு கிடையாது. மாணவர்கள் அறுபது பேர், எல்லோரும் பட்டாளத்து ஆள்கள். சுத்தியல் நாலு. பூட்ஸ் மூன்று. மூன்று ஜோடி இல்லை, மூன்றே மூன்று, அதிலும் இரண்டு இடதுகால். காலையில் முதல் வரிசை அடித்தோலைப் பிடுங்கும், மத்தியானம் இரண்டாம் வரிசை அதை மறுபடி வைத்து ஆணி அடிக்கும். மறுநாள் மூன்றாம் வரிசை பிடுங்கும். இப்படியே போகிறது படிப்பு. வாத்தியார் மிஸ்டர் லைலின் மச்சினன். நாற்காலியில் சாய்ந்து தூங்குவதுதான் அவர் பாடம்.

வெள்ளிக்கிழமை மட்டும் மிஸ்டர் லைல் வருவார். எல்லோரும் வந்ததாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். எங்கள் ஒவ்வொருவர் தலைக்கும் சர்க்கார் அவருக்குப் படிப்புச் சம்பளம் அனுப்புகிறது. புது மோட்டார் கார் வாங்கியிருக்கிறார்.

கிளியோதா என்று ஒருவன், பட்டாளத்தில் லாரி ஓட்டியவன், என் பக்கத்தில் உட்காருகிறவன். போன வாரம் ஒரு பூட்ஸைத் தூக்கிக் காட்டி, “டேய் லான்ஸோ, இதுல தோலே இல்லடா, வெறும் ஆணி ஓட்டைதான் இருக்கு. இது பூட்ஸா சல்லடையா?” என்றான். மச்சினனே விழித்துக்கொண்டு சிரித்தார்.

ஆனால் எனக்கு அலுத்துவிட்டது அக்கா. கிளியோதாவும் நானும் பேசி முடிவு பண்ணிவிட்டோம். இருபதாம் தேதி திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய் இரண்டு பேரும் பெயரை வெட்டச் சொல்லப் போகிறோம். பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டு கல்லூரிக்குக் காத்திருப்போம். காரணம் இருக்கிறது, முடித்துவிட்டு எழுதுகிறேன்.

உன் தம்பி,
லான்ஸோ

சிகாகோ
1947 ஜனவரி 14

தம்பிக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும். உன் கடிதம் ஏதும் வரவில்லை. வந்துகொண்டிருக்குமோ என்னவோ, அதற்குள் நான் எழுத வேண்டியதாயிற்று.

உன் அத்தானுக்கு அது சளி இல்லை. கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் கைக்குட்டை சிவந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். காசநோய். சானடோரியத்தில் சேர்க்க வேண்டும் என்று சொன்ன அதே டாக்டர், நம்மவர்களுக்கு ஒதுக்கியிருக்கிற கட்டில் எல்லாம் நிரம்பியிருக்கிறது, ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஆகும் என்றார். அதுவரை வீட்டில் வைத்து, பாலும் முட்டையும் கொடுத்து, அசையாமல் படுக்க வைக்க வேண்டுமாம்.

இது சலவைக் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது. “உன் மேல தப்பு இல்ல ஒஸெல்லா, ஆனா ஜனங்க துணி பாரு” என்று சொல்லி என்னை நிறுத்திவிட்டார்கள். வீடு வீடாகத் தரை துடைக்கிறேன். வாடகைக்கு வருகிறது, பாலுக்கு வரவில்லை.

தம்பி, இதை எழுத என் கை வரவில்லை. உனக்கு மாசா மாசம் அந்தப் பள்ளிக்கூடப் பணம் வருகிறதே, அதில் முடிந்ததை அனுப்புவாயா? கட்டில் கிடைக்கும்வரைதான். உன் கல்லூரிக்கு முன்னால் இது தீர்ந்துவிடும், கடவுள் கைவிட மாட்டார்.

உன் அத்தானுக்கு நான் இதை எழுதுவது தெரியாது. தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.

ஒஸெல்லா

கார்விஸ்
1947 பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் கடிதம் படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் தாமதம்.

இதோடு நாற்பது டாலர் மணியார்டர். மாசா மாசம் இதே தேதிக்கு வரும். எனக்கு மிச்சம் போதும். சோளரொட்டியும் கீரையும் தின்கிறவனுக்கு என்ன பெரிய செலவு?

போன கடிதத்தில் பெயரை வெட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தேன், அதை மறந்துவிடு. திங்கட்கிழமை போகவில்லை. ஏதோ அலுப்பில் எழுதியது. எண்ணெய் ஆலையில் அவன் கொடுக்கிற கூலி என் ஒரு வாய்க்கே பற்றாது, உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிறதை எவனாவது விடுவானா? கிளியோதாதான் போனான். அவன் முன்கோபி.

இதனால் என் கல்லூரிக்கு ஒரு குறையும் வராது. நீ அதை நினைத்து மனசைக் குழப்பிக்கொள்ளாதே. பாலைக் காய்ச்சிக் கொடு. தண்ணீரையும் காய்ச்சு. அத்தான் குடிக்கிற டம்ளரைத் தனியாக வை, கொதிநீரில் கழுவு. இது பூட்ஸ் டாக்டர் சொல்வதில்லை, தண்ணீர் டாக்டர் சொல்வது.

லான்ஸோ

சிகாகோ
1947 ஆகஸ்ட் 24

தம்பிக்கு,

நாங்கள் ஏதோ இருக்கிறோம். நீ சுகமா? நீ எழுதுவது வரவர மணியார்டர் தாளில் இரண்டு வரி என்று ஆகிவிட்டது. பணத்தைவிட அந்த இரண்டு வரியைத்தான் முதலில் தேடுகிறேன்.

உன் பணம் இல்லாவிட்டால் உன் அத்தான் ஈஸ்டரைப் பார்த்திருக்க மாட்டார். இதை நான் சொல்லியே ஆக வேண்டும். முகத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறேன், தெருவில் போகிறவர்களை எல்லாம் வம்புக்கு இழுக்கிறார். நேற்று முட்டையைத் தட்டில் வைத்தபோது, “உன் தம்பி பூட்ஸ்ல ஆணி அடிக்கிறான், எனக்கு இங்கே முட்டை வருது. எந்தக் கோழி இதுன்னு கேட்டு எழுது” என்றார். சிரித்தால் இருமல் வருகிறது, இருந்தாலும் சிரிக்கிறார்.

அவருடைய வேலை பூட்ஸை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். அடித்தோல் வாயைப் பிளந்துவிட்டது. எழுந்ததும் அறுப்புத் தொட்டிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீ சரிபண்ணிக் கொடுத்தால் தெம்பு வரும். ஈரத்தில் நிற்கிற வேலை, அதை மனசில் வைத்துக்கொள்.

வாங்கிக்கொண்டே இருக்கிறேனே என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது தம்பி. நீ கல்லூரிக்குப் போனால் இதே பணம் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும், தெரியும். அதற்குள் கட்டில் கிடைத்துவிட வேண்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் முழங்காலில் நிற்கிறேன்.

உன் அத்தான் ஆசீர்வாதம் சொல்கிறார்.

ஒஸெல்லா

கார்விஸ்
1947 அக்டோபர் 5

அன்புள்ள அக்கா, அத்தான் இருவருக்கும்,

நான் சுகம். அத்தான் சதை பிடித்திருக்கிறார் என்று படித்ததும் எனக்கே பசி எடுத்தது.

பூட்ஸ் வந்தது. அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் பெட்டியைத் திறந்து ஒரு ஜோடியை எடுத்து வைத்தேன். வலதுகால் ஒன்று, இடதுகால் ஒன்று, ஒரே அளவு. கிடங்கே எழுந்து வந்துவிட்டது. “நெஜ பூட்ஸ்டா! ஒரு மனுஷன் போட்ட பூட்ஸ்!” என்று ஒருவன் தொப்பியைக் கழற்றினான். ஆளாளுக்குத் தூக்கிப் பார்த்தார்கள். மச்சினன்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்து, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சிகாகோ என்றதும் போய் மறுபடி நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

ஒருத்தரையும் தொட விடவில்லை. நானே செய்தேன். ஊருக்குள் நம்ம ஆள் ஒருவர் செருப்புக் கடை வைத்திருக்கிறார், அவரிடம் போய் நல்ல தோல் வாங்கினேன். எப்படி வெட்டுவது என்று அவரே காட்டினார். பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷமாகச் சொல்லித் தராததை அவர் ஒரு சாயங்காலத்தில் சொல்லித் தந்தார். இரும்பு ஆணி ஈரத்தில் துருப்பிடித்துத் தோலைத் தின்றுவிடும் என்று பித்தளை ஆணி வாங்கி அடித்தேன். அத்தான், இரண்டு குளிர்காலம் தண்ணீரிலேயே நின்றாலும் இந்த அடித்தோல் பிரியாது. கால் மாட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கிளியோதா எண்ணெய் ஆலையில் முதுகு ஒடிகிறான். வழியில் பார்த்தால் என்னைத் திட்டுகிறான். அவன் கணக்கு அவனுக்கு.

உங்கள்,
லான்ஸோ

சிகாகோ
1948 ஜூலை 11

என் கண்ணான தம்பிக்கு,

நீ எங்கே இருந்தாலும் உட்கார்ந்துகொண்டு இதைப் படி. இடம் கிடைத்துவிட்டது! கல்லூரி உறை நேற்று வந்தது. இந்தத் தடவை மறுபடி ஒட்டவில்லை, பிரித்தபடியே அனுப்பியிருக்கிறேன், போ. செப்டம்பரில் வகுப்பு. ஆகஸ்ட் பதினைந்துக்குள் வருகிறேன் என்று நீ எழுத வேண்டும். உன் பெயரை எவ்வளவு அழகாக அச்சடித்திருக்கிறார்கள் பார். பக்கத்தில் கெமிஸ்ட்ரி என்று போட்டிருக்கிறது.

மேல்மாடிக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, தடவிப் பார்த்தாள்.

உன் அத்தானுக்கு ஏப்ரலில் சானடோரியத்தில் கட்டில் கிடைத்ததை எழுதியிருந்தேன் அல்லவா? அங்கே சாப்பாடு, மருந்து எல்லாம் சர்க்கார் செலவு. பூட்ஸைக் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருக்கிறார். நர்ஸ் எடுத்து அலமாரியில் வைத்தால் சண்டை போடுகிறாராம். விஷயத்தைச் சொன்னதும், “அப்பவே சொன்னேன், அந்தப் பயல் நம்ம கிணத்துக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பான்” என்றார்.

ஆகவே இனி ஒரு காசு அனுப்பாதே. எனக்கு வேலை இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செய்ததற்கு நான் என்ன செய்யப் போகிறேன்? போ தம்பி, போய்ப் படி. கோட்டு வாங்கினாயா இல்லையா?

உடனே பதில் போடு.

ஒஸெல்லா

சிகாகோ
1948 ஆகஸ்ட் 30

லான்ஸோவுக்கு,

நீ சுகம் என்று நினைக்கிறேன். செத்துப் போயிருந்தால் யாராவது எழுதியிருப்பார்கள்.

ஏழு வாரமாகத் தபால்காரன் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றேன். உன்னிடமிருந்து மணியார்டர் வந்தது, வார்த்தை வரவில்லை. வேண்டாம் என்று சொன்ன பணம் வருகிறது, வேண்டும் என்று கேட்ட பதில் வரவில்லை. இன்று கல்லூரியிலிருந்து வந்தது. ‘தங்களிடமிருந்து பதில் இல்லாததால் இடம் வேறொருவருக்குத் தரப்பட்டது.’

ஏன்டா? எவளாவது பிடித்து வைத்திருக்கிறாளா? இல்லை, பயமா? எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்து மாசம் அறுபத்தைந்து டாலர் வாங்கி நீ ருசி கண்டுவிட்டாய். மூன்று பூட்ஸைச் சுற்றி உட்கார்ந்து கதை பேசுவது சுகமாக இருக்கிறது. புஸ்தகத்தைத் தூக்கினால் கை வலிக்கும். நீதானே எழுதினாய், உட்கார்ந்த இடத்தில் கிடைக்கிறதை எவனாவது விடுவானா என்று? அன்றே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அம்மா அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துச் செத்தாள். அவள் பிள்ளைக்கு அது மறந்துவிட்டது. வெள்ளைக்காரன் நம்மைச் சோம்பேறி என்று சொல்லும்போதெல்லாம் நான் உன்னைத்தான் நினைத்து இல்லை என்று சொல்லிக்கொள்வேன். இனி யாரை நினைப்பேன்?

எனக்கு எழுதாதே. பணமும் வேண்டாம்.

ஒஸெல்லா

கார்விஸ்
1948 செப்டம்பர் 19

அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ எழுதியது சரிதான். கொஞ்சம் சோம்பல்தான்.

அத்தானிடம் சோம்பல் என்று சொல்லாதே. அடுத்த வருஷம் போவான் என்று சொல். பணம் அனுப்பியிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. ஆரஞ்சு வாங்கிக் கொண்டுபோய்க் கொடு.

லான்ஸோ

சிகாகோ
1948 டிசம்பர் 27

தம்பி லான்ஸோவுக்கு,

நலம் விசாரிக்க இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை. தந்தி உனக்கு வந்திருக்கும். உன் அத்தான் டிசம்பர் ஆறாம் தேதி போய்விட்டார். குளிர் ஆரம்பித்ததும் மறுபடி ரத்தம் வந்தது. கடைசி வாரம் பேச்சில்லை. கட்டிலுக்கு அடியில் கையை நீட்டி பூட்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான். அதைப் போட்டுத்தான் அடக்கம் பண்ணினேன். சவப்பெட்டிக்காரர், “கால் வெளியே தெரியாதும்மா, பூட்ஸ் எதுக்கு?” என்றார். போடுங்கள் என்றேன். நீ டிசம்பரில் அனுப்பிய பணம் அந்தப் பெட்டிக்குத்தான் போயிற்று. திருப்பி அனுப்ப உறைக்குள் வைத்து ஒட்டியிருந்தேன். பிரித்து எடுத்தேன்.

இப்போது வேறொன்று. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு பையன் கதவைத் தட்டினான். கழுத்தில் கல்லூரி மஃப்ளர். “நான் கிளியோதா, அக்கா. லீவுக்கு இங்கே அறுப்புத் தொட்டியில வேலைக்கு வந்திருக்கேன். துக்கம் கேள்விப்பட்டேன்” என்றான். சோறு போட்டேன். உன்னைப் போல் சோம்பேறியாக இல்லாமல் இவன் போய்ச் சேர்ந்துவிட்டானே என்ற எரிச்சலில் உன்னைத் திட்டினேன். அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“உங்களுக்குத் தெரியாதா அக்கா? அந்தப் பூட்ஸ் பள்ளிக்கூடத்துல உக்காந்தா, உக்காந்த ஒவ்வொரு மாசமும் சர்க்கார் குடுக்கிற காலேஜ் மாசத்துல கழிஞ்சு போகும். எல்லாம் ஒரே கணக்கு. இதுவும் காலேஜும் வேற வேற கணக்குன்னு நெனச்சு நாங்க கையெழுத்துப் போட்டோம், ஆபீஸ்காரன் வாயைத் திறக்கல. தெரிஞ்ச அன்னிக்கே பேரை வெட்டணும்னு முடிவு பண்ணினோம். திங்கக்கிழமை ஆபீஸ் வாசல்வரைக்கும் என்கூட வந்தான். வர்ற வழியில தபால் ஆபீஸ்ல உங்க கடுதாசி வாங்கியிருந்தான். வாசல்ல நின்னு படிச்சான். மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, ‘நீ போய்ட்டு வாடா’ன்னான். ‘ஏன்டா?’ன்னேன். ‘அத்தானுக்குப் பால் வேணுமாம்’னான். இடம் வந்தப்போ அவனுக்கு நாலு மாசம்தான் மிச்சம் இருந்துச்சு. அதை வச்சுக்கிட்டு என்ன படிக்கிறது?”

அதற்கப்புறம் அவன் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.

தம்பி, உன் கல்லூரியைக் காய்ச்சி டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுத்தவள் நான். நீ கொடுத்த காலம் முழுவதும் அவர் குடித்தார், அப்படியும் போய்விட்டார். எதற்கும் ஆகவில்லை. அதற்குமேல் உன்னைச் சோம்பேறி என்று எழுதினேன். நீயும் ஆமாம் என்று எழுதினாய்.

ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா? மூன்று நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று என்னால் சத்தியம் பண்ண முடியவில்லை. அவர் இருமிக்கொண்டிருந்தார். உனக்கு இருமல் இல்லை.

இங்கே வந்துவிடு. ரயிலுக்கு நான் அனுப்புகிறேன். கடிதமாவது போடு.

அக்கா

கார்விஸ்
1949 ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

தந்தி வந்த அன்று சானடோரியம் இருக்கிற வடக்கு எந்தப் பக்கம் என்று பார்த்து நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. ரயிலுக்குக் காசு இல்லை. அதுதான் வராததற்குக் காரணம். வேறு கோபம் இல்லை.

என் மாதங்கள் நவம்பரோடு தீர்ந்தன. பெயரை அவர்களே வெட்டிவிட்டார்கள். பூட்ஸ் தைக்கத் தெரிந்தவன் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார் மிஸ்டர் லைல், கையைக்கூடக் குலுக்கினார். இப்போது எண்ணெய் ஆலையில் கிளியோதா விட்ட இடத்தில் மூட்டை தூக்குகிறேன். சிகாகோவுக்கு வர மனசில்லை. அங்கே வந்தால் மேல்மாடிக்காரி மாடிப்படியில் நிறுத்திக் கேட்பாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். சொன்னால் நீ வாங்க மாட்டாய், அத்தான் அந்த ஈஸ்டருக்கே போயிருப்பார் என்று நினைத்தேன். சொன்ன பிறகும் நீ வாங்கிக்கொண்டாய் என்றால் அதையும் என்னால் தாங்க முடிந்திருக்காது. இரண்டில் எது நடந்தாலும் எனக்கு அக்கா இருக்க மாட்டாள். அதனால் வாயை மூடிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், சில மாதம் மணியார்டர் எழுதும்போது உன்மேல் கோபம் வந்தது. எழுதி முடித்ததும் போய்விடும். இரண்டொரு மாதம் அந்தக் கோபம் போகவில்லை. அப்போதுதான் உனக்கு இரண்டு வரியில் நிறுத்திக்கொண்டேன்.

ஊரார் இன்னும் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். “பார்த்துச் சொல்லுப்பா, நீ பட்டாளத்துல இதைத்தானே பண்ணினே?” என்கிறார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். பார்த்தால் எல்லாத் தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கிறது. காய்ச்சிக் குடியுங்கள் என்கிறேன். அதைச் சொல்லக் கல்லூரி தேவையில்லை, அதற்கு மேல் சொல்ல எனக்குத் தெரியாது.

அத்தானுக்கு அந்தப் பூட்ஸைப் போட்டு அனுப்பினாயே, நல்லதாகப் போயிற்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் செய்த ஒரே வேலை அதுதான். அங்கே மண் ஈரமாகத்தான் இருக்கும். பித்தளை ஆணி போட்டிருக்கிறேன் அக்கா. துருப்பிடிக்காது.

உன் தம்பி,
லான்ஸோ